சிவராத்திரி முழு இரவும் தியானம்: போன வருடம் 2 மணிக்குத் தூங்கிவிட்டேன், இந்த முறை எப்படி?

மாசிநிலா
3 பிப்ரவரி 2026, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வருகிற 15-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மகா சிவராத்திரி. நான் சென்னையில் இருக்கிறேன். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் தியானத்தில் உட்கார்கிறேன். முறையாக யாரிடமும் தீட்சை வாங்கியதில்லை. மூச்சைக் கவனிப்பேன், மனசுக்குள் ஐந்தெழுத்தைச் சொல்வேன், அவ்வளவுதான். ஆனால் அந்த அரை மணி நேரம் இல்லாத நாள் எனக்கு நாளாகவே தோன்றுவதில்லை.

போன வருடம் பிப்ரவரி 26 அன்று முதன்முறையாகக் கண்விழிக்கலாம் என்று ஒரு பெரிய கோயிலுக்குப் போனேன். முதல் காலப் பூஜை முடியும் வரை மனசு நிறைந்து இருந்தது. அப்புறம் வரிசை, ஒலிபெருக்கி, நெரிசல். உட்கார இடம் கிடைக்கும்போது மணி 12 தாண்டிவிட்டது. 2 மணி வாக்கில் தூணில் சாய்ந்தேன். கண் விழித்தபோது நான்காம் காலத்து மணி அடித்துக்கொண்டிருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அழுகை. ஒரு வருடம் காத்திருந்த இரவைத் தூங்கிக் கழித்துவிட்டேனே என்று.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது. கூட்டத்தோடு இருப்பதா, தனியாக இருப்பதா? 12 மணி நேரமும் தியானத்தில் உட்கார முடியுமா? சாப்பிடலாமா? நடுவில் கண் அசந்தால் விரதம் போய்விடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வில்வத்தடி
4 பிப்ரவரி, காலை 6.15

அம்மா, முதலில் 12 மணி நேரம் என்று நினைப்பதை விடுங்கள். நம் முன்னோர் அதை நான்காகப் பிரித்துத்தான் கையில் கொடுத்திருக்கிறார்கள். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை நான்கு யாமம். ஒவ்வொன்றும் ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். ஒவ்வொரு யாமத்துக்கும் ஒரு பூஜை, தனி அபிஷேகம், தனி நிவேதனம்.

நான் கும்பகோணம் பக்கம். எங்கள் ஊர்க் கோயில் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் காலத்தில் பஞ்சகவ்யம், இரண்டாம் காலத்தில் பஞ்சாமிர்தம், மூன்றாம் காலத்தில் தேன், நான்காம் காலத்தில் கரும்புச்சாறு. நிவேதனம் பச்சைப்பயற்றுப் பொங்கலில் தொடங்கி, பாயசம், எள்ளோதரை என்று போய், விடியும்போது வெறும் வெண்சாதத்தில் முடியும். மூன்றாம் காலத்துத் தேன் அபிஷேகத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் தேன் லிங்கத்தின் மேல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு மேல் ஒரு தியானம் தேவைப்படாது. ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

உங்களுக்கு அரை மணி நேரம் உட்காரத் தெரியும் அல்லவா? ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். நாலு தடவை. மற்ற நேரம் பூஜை பாருங்கள், பிரகாரம் சுற்றுங்கள், கோயிலில் ஏதாவது வேலை இருந்தால் செய்யுங்கள்.

தூங்கிவிட்டோம் என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். வேடன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். புலிக்குப் பயந்து மரத்தில் ஏறியவன், தூங்கினால் விழுந்துவிடுவோம் என்று ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக் கீழே போட்டான். அது வில்வ மரம் என்றோ, கீழே லிங்கம் இருக்கிறது என்றோ அவனுக்குத் தெரியாது. அவனுக்கு மந்திரமும் தெரியாது, தியானமும் தெரியாது. அவனுக்குத்தான் முக்தி கிடைத்தது.


ஆகமநேசன்
4 பிப்ரவரி, காலை 11.02

தலைப்பில் உள்ள ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேச வேண்டும். கொஞ்ச காலமாகச் சிவராத்திரியை ‘தியானத் திருவிழா’ என்று சொல்வது பரவிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அலங்காரப் பிரியர் விஷ்ணு, அபிஷேகப் பிரியர் சிவன் என்பது நம் வழக்கு. அன்றைய இரவின் உயிர் பூஜையும் உபவாசமும் கண்விழிப்பும்தான். கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதை எந்த நாளும் செய்யலாம். மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. அன்று கண்ணைத் திறந்து சாமியைப் பாருங்கள் என்பது என் கருத்து.


அடிவாரத்தான்
4 பிப்ரவரி, இரவு 8.30

ஆகமநேசன் ஐயா, மரியாதையோடு மாறுபடுகிறேன். பூஜை முறையிலேயே முதலில் வருவது தியானம்தானே? தியானம் சொல்லி மனதில் மூர்த்தியை நிறுத்திய பிறகுதான் ஆவாகனம், அதாவது இறைவனை எழுந்தருளச் சொல்லி அழைப்பது. அது இல்லாமல் அபிஷேகம் வெறும் குளிப்பாட்டலாகப் போய்விடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு குருக்கள்தான்.

பூசலார் நாயனாரையும் நினைத்துப் பாருங்கள். காசில்லாமல் மனதுக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சர்களை வைத்து, நாள் குறித்துக் கோயில் கட்டினார். காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு இறைவன் இந்தக் கோயிலுக்கு வந்தார். அதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்? மாசிநிலா, அவருடைய ஊர் திருநின்றவூர், உங்கள் சென்னைக்குப் பக்கம்தான். இருதயாலீஸ்வரர் கோயில் என்று இன்றும் இருக்கிறது. தியானத்தில் நாட்டமுள்ளவர்கள் ஒரு முறையாவது போய் உட்கார வேண்டிய இடம்.

என் அனுபவம் கோவையில், வெள்ளியங்கிரி அடிவாரத்தில், ஈஷா நடத்தும் சிவராத்திரி. 112 அடி ஆதியோகி சிலை 2017 சிவராத்திரியன்றுதான் திறக்கப்பட்டது. அதன் முன்னால் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை நடக்கும். இடையிடையே பாட்டு, ஆட்டம், நள்ளிரவில் எல்லாரும் சேர்ந்து செய்யும் தியானம். பாட்டு எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். இரண்டாவது முறை போனபோதுதான் புரிந்தது, உடம்பு அசைந்தால்தான் தூக்கம் கலைகிறது. அத்தனை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வாயை மூடி உட்காரும்போது ஒரு அமைதி வரும் பாருங்கள். வீட்டில் தனியாக இருக்கும் அமைதி வேறு, அது வேறு. என்னால் அதைச் சொல்லில் கொண்டுவர முடியவில்லை.

அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முதுகுத்தண்டு நேராக இருக்கட்டும், படுக்காதீர்கள். அன்று கோள்களின் நிலையால் உடலில் சக்தி இயல்பாகவே மேலே எழும்புகிறது என்பது அவர்கள் விளக்கம்.


ஆகமநேசன்
4 பிப்ரவரி, இரவு 10.11

பூசலாரைச் சொன்னதும் வாயடைத்துப் போனேன். அது சரி. தியானம் வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. பூஜையை விட்டுவிட்டுத் தியானம் வேண்டாம் என்பதுதான்.

கோள் நிலை பற்றி: அது ஒரு மரபின் விளக்கம். நம்புகிறவர்கள் அதோடு அமரட்டும், கருவி வைத்து அளந்து காட்டுகிற விஷயமாக அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று இருக்கிறது. மறுநாள் அமாவாசை. அந்த இரவு கிட்டத்தட்ட முழுக்க இருட்டு. விடிவதற்குச் சற்று முன்னால்தான் கிழக்கே ஒரு கீற்று நிலா எழும். தலையில் அந்தக் கீற்றைச் சூடியவனுக்கு அந்த இரவைக் கொடுத்தவர்கள் வானத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள்.


இரவுப்பணி
5 பிப்ரவரி, காலை 8.50

இப்போதுதான் நைட் டூட்டி முடித்து வந்தேன். 14 வருடமாகச் செவிலியர் வேலை. ஆன்மிகம் பெரியவர்கள் சொல்லட்டும், கண்விழிப்பு பற்றி நான் சொல்கிறேன் அக்கா, ஏனென்றால் மாதத்தில் பத்து இரவு எனக்குச் சிவராத்திரிதான்.

நீங்கள் தூங்கிய நேரத்தைப் பாருங்கள். 2 மணிக்குத் தொடங்கி விடிகாலை வரை. அது உங்கள் பக்தியின் குறை அல்ல. விடிகாலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள் உடம்பின் வெப்பம் மிகக் கீழே இறங்கும். எத்தனை வருடம் நைட் பார்த்தாலும் எங்கள் எல்லாருக்கும் அந்த நேரத்தில்தான் கண் சொருகும். அந்த நேரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுவது, தூக்கத்தை வா என்று அழைப்பதற்குச் சமம். உட்காரும் நேரங்களை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். 3 மணிக்கு நில்லுங்கள், நடங்கள், குளிர்ந்த தண்ணீரில் முகம், கழுத்து, கணுக்கால் கழுவுங்கள், வாய்விட்டுப் பாடுங்கள். உட்கார்ந்தே தீர வேண்டும் என்றால் எதிலும் சாயாமல், கண்ணைப் பாதி திறந்து தீபத்தைப் பார்த்தபடி உட்காருங்கள்.

காபியை ராத்திரி 10 மணி வாக்கிலும், தேவைப்பட்டால் 1 மணி வாக்கிலும் கொஞ்சமாகக் குடியுங்கள். 4 மணிக்குக் குடித்தால் மறுநாள் பகல் தூக்கமும் போய்விடும். அன்னதானத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டால் 1 மணிக்கே முடிந்தது கதை. முந்தின மூன்று நாளும் சீக்கிரம் படுத்துவிடுங்கள். அன்று மதியம் ஒரு ஒன்றரை மணி நேரம் தூங்கினால் இன்னும் நல்லது.

இனி நான் எழுதுவதைத் தயவுசெய்து எல்லாரும் படியுங்கள். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைக் கட்டாயமாக இறக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்கள், வெறும் வயிற்றோடு இருந்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் அது அருள் வந்ததன் அறிகுறி என்று விட்டுவிடாதீர்கள், உடனே இனிப்பு கொடுங்கள். விரதம் பற்றி முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டும். இருதுருவ மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் முழு இரவு விழிப்பு ஆபத்து. இவர்கள் முதல் காலமோ நள்ளிரவு லிங்கோத்பவ பூஜையோ பார்த்துவிட்டுப் படுக்கட்டும்.

அப்புறம், காலையில் வண்டி ஓட்டாதீர்கள். 24 மணி நேரம் தூங்காதவரின் கை, கண், கவனம் எல்லாம் குடித்தவருடையதைப் போலத்தான் வேலை செய்யும். சிவராத்திரி மறுநாள் காலையில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நெற்றியில் விபூதி அப்படியே இருக்கும். அதற்கு மேல் எழுத முடியவில்லை.


ஆகமநேசன்
5 பிப்ரவரி, மதியம் 1.20

மிகவும் தேவையான பதிவு. ஒன்றில் மட்டும் தயக்கம்: விரத நாளில் பகல் தூக்கம் கூடாது என்பது மரபு. முந்தின இரவுகளில் நன்றாகத் தூங்கச் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன்.


இரவுப்பணி
5 பிப்ரவரி, மாலை 4.05

சரி ஐயா, பகல் தூக்கத்தை அவரவர் மனசுக்கு விட்டுவிடுவோம். வண்டி விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.


களரித்திடல்
5 பிப்ரவரி, இரவு 7.44

எங்கள் ராமநாதபுரம் பக்கம் சிவராத்திரி என்றால் குலதெய்வம்தான். மாசிக் களரி என்போம். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன பங்காளிகள் எல்லாரும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். சாமி பெட்டி வரும், பொங்கல் வைப்போம், விடிய விடிய சாமியாட்டம் நடக்கும். பிள்ளைகள் பாயில் தூங்கும், பெரியவர்கள் விழித்திருப்பார்கள், வயதானவர்கள் நடுவில் சற்றுச் சாய்ந்து எழுவார்கள். தூங்கியதற்காக யாரும் யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது ஒருவர் விழித்திருந்தால் குடும்பமே விழித்திருந்த மாதிரி என்று என் அம்மாச்சி சொல்வார். மாசிநிலா, உங்களுக்கும் குலதெய்வக் கோயில் இருக்கும் அல்லவா? அதையும் யோசியுங்கள்.


விசிறிக்காரன்
6 பிப்ரவரி, இரவு 9.15

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். உட்கார்ந்து தியானம் வராதவர்களுக்காக எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது, சிவாலய ஓட்டம். முன்சிறை திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியாகத் திருநட்டாலம். பன்னிரண்டு சிவாலயம், 100 கிலோமீட்டருக்கு மேல். சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலையில் கிளம்பி, ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈரத்துணியோடு சாமியைக் கும்பிட்டு, கையில் இருக்கும் பனையோலை விசிறியால் வீசிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடுவோம்.

எங்கள் கோஷம் தெரியுமா? “கோபாலா, கோவிந்தா!” சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் வாயில் திருமால் பெயர். சிவனை மட்டுமே கும்பிட்ட, பாதி மனிதன் பாதி மிருகமான புருஷாமிருகத்தின் முன்னால் பீமன் கோவிந்தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடிய கதையிலிருந்து வந்தது. கடைசிக் கோயிலான திருநட்டாலத்தில் சங்கரநாராயணராக இரண்டும் ஒன்றாகிவிடும்.

நான் ஒன்பது முறை ஓடியிருக்கிறேன். ஏழாவது, எட்டாவது கோயில் தாண்டும்போது கால் வலி, பசி, யார் என்ன சொன்னார்கள், நாளைக்கு என்ன என்ற நினைப்பெல்லாம் கழன்று விழும். வழியில் வீட்டு வாசலில் நின்று மோரும் பானகமும் கொடுப்பார்கள். முகம் தெரியாது, பெயர் தெரியாது. வாங்கிக் குடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். தியானம் பற்றி எனக்குத் தெரியாது. இதைப் பற்றித் தெரியும்.


பாலாவிக்கரை
7 பிப்ரவரி, காலை 10.30

தங்கச்சி, நான் மன்னார்ப் பக்கம். எங்கட ஆட்களுக்குச் சிவராத்திரி என்றால் திருக்கேதீச்சரம்தான். சம்பந்தரும் சுந்தரரும் பாடின தலம். யாழ்ப்பாணம், வவுனியா, மலையகம் என்று எல்லா இடத்திலிருந்தும் சனம் வரும். பாலாவித் தீர்த்தத்தில் தோய்ந்துவிட்டு, குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் எங்கள் கையாலேயே மகாலிங்கத்துக்கு வார்க்கலாம். போர்க் காலத்தில் நெடுங்காலம் அங்கே போக வழியில்லாமல் கிடந்தது. அந்த வருடங்களில் என்ட அம்மா வீட்டு முற்றத்தில் செம்பில் தண்ணீர் வைத்து, அந்தத் திசையைப் பார்த்து விடியும்வரை இருப்பா. கோயிலும் இல்லை, பூசையும் இல்லை. நான் சின்னப்பிள்ளை, மடியில் படுத்திருப்பேன்.

கூட்டமா, தனிமையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டேன். எங்கே இருந்தாலும், கையில் ஒரு செம்பு தண்ணீராவது இருந்தால் நல்லது என்றுதான் சொல்வேன்.


மாசிநிலா
8 பிப்ரவரி, இரவு 10.20

இவ்வளவு பேர் இவ்வளவு அன்போடு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பாலாவிக்கரை அண்ணா, உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டே இரண்டு நாளாக இருக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். பெரிய கோயில் வேண்டாம். மயிலாப்பூரில் அன்றிரவு கபாலீஸ்வரர் கோயிலையும் சேர்த்து ஏழு சிவன் கோயில்களையும் நடந்தே பார்ப்பார்கள், அதற்குத் தோழி கூப்பிட்டாள். அடுத்த வருடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னச் சிவன் கோயில் இருக்கிறது. நடந்தே போகலாம், நடந்தே வரலாம், வண்டி வேண்டாம். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: வீட்டுக்குப் பக்கத்தில் வில்வ மரம் இருக்கிறது. அன்று மாலை பறித்துக்கொண்டு போகலாமா?


வில்வத்தடி
9 பிப்ரவரி, காலை 6.05

சதுர்த்தசியன்று வில்வம் பறிக்கக் கூடாது அம்மா. திங்கட்கிழமை, அமாவாசையன்றும் கூடாது. முன்கூட்டியே பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வாடினாலும் பரவாயில்லை, வில்வத்துக்கு அந்தத் தோஷம் இல்லை. ஒரு முறை சாத்தியதைக் கூடக் கழுவி மறுபடி சாத்தலாம். மூன்று இலையும் சேர்ந்திருக்க வேண்டும், பூச்சி அரித்தது, கிழிந்தது வேண்டாம்.

லிங்கோத்பவ காலம் இரவு 11.30 முதல் 1 மணி வரை. லிங்கோத்பவர், அதாவது அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாக நின்ற சிவன், கருவறைக்குப் பின்புறச் சுவரில் இருப்பார், எல்லாரும் முன்னால் முண்டிக்கொண்டு நிற்கும்போது பின்னால் போய் நில்லுங்கள். அன்னமும் பன்றியும் கல்லில் இருக்கும். பிரம்மா அன்னமாய் மேலே போய்த் தேடியும், திருமால் பன்றியாய்க் கீழே அகழ்ந்து தேடியும் எல்லை கிடைக்கவில்லை. முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவைச் சிவபூஜையில் சேர்ப்பதில்லை. ஆனால் திருவண்ணாமலையில் அந்த ஒரு இரவு மட்டும் லிங்கோத்பவருக்குத் தாழம்பூ சாத்துவார்கள். சபித்தவரே வருடத்தில் ஒரு முறை வாங்கிக்கொள்கிறார்.


மாசிநிலா
17 பிப்ரவரி, மாலை 6.30

நேற்று முழுக்கத் தூங்கி எழுந்து, இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். வரிசையாகச் சொல்ல வராது, மன்னியுங்கள்.

முதல் இரண்டு காலமும் சுலபமாகப் போயின. கோயிலில் மொத்தமே எழுபது, எண்பது பேர்தான். பகலில் பாலும் பழமும், இரவு முழுக்கத் தண்ணீர், 10 மணிக்கு அரை டம்ளர் காபி. ஒவ்வொரு காலத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். 11.30-க்குப் பின்பக்கம் போய் நின்றேன். அங்கே என்னோடு நான்கு பேர்தான். அன்னத்தின் மூக்கு உடைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது என் இரண்டு வருடத் தியானமும் அந்த அன்னம் பறந்த மாதிரிதான் என்று தோன்றியது. மேலே எங்கேயோ போய் எதையோ பிடித்துவிட வேண்டும் என்று. அன்றைக்குள் பிடித்துவிட வேண்டும் என்று. மனசு கனத்துவிட்டது.

1.30-க்குத் தூக்கம் வந்தது. சாதாரணமாக இல்லை, கடலலை மாதிரி வந்து தள்ளியது. முகம் கழுவினேன், பிரகாரம் சுற்றினேன். ஒன்பதாவது சுற்றில் கால் தடுமாறியது. கோயில் கிணற்றடியில் ஒரு பாட்டி பெரிய தாம்பாளத்தில் வில்வத்தைக் குவித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “கண்ணு, சும்மாதானே சுத்துற, வந்து காம்பைக் கிள்ளு” என்றார்.

உட்கார்ந்தேன். நல்லதைத் தனியாக, அரித்ததைத் தனியாக, காம்பின் அடியில் இருக்கும் தடித்த கணுவைக் கிள்ளிப் போட வேண்டும். மூன்றாம் காலத்துக்கும் நான்காம் காலத்துக்கும் அர்ச்சனை ஓயாமல் நடப்பதால் தாம்பாளம் காலியாகிக்கொண்டே இருந்தது. பாட்டி அதிகம் பேசவில்லை. மூச்சை எண்ணவில்லை நான். ஐந்தெழுத்தையும் சொல்லவில்லை. இலை, காம்பு, இலை, காம்பு. விரல் நுனியில் வில்வ வாசனை. ஒரு கட்டத்தில் மணி என்ன என்று கேட்டேன், 4.10 என்றார். நான் 2.15 இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இடையில் தூங்கினேனா என்று எனக்கே சந்தேகம் வந்து பாட்டியிடம் கேட்டேன். “தூங்கினா கை நிக்குமே, உன் கை நிக்கலையே” என்றார்.

அப்போதுதான் வில்வத்தடி ஐயா எழுதிய வேடன் நினைவுக்கு வந்தான். அந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தெரியாமல் செய்த பூஜைக்கே அவ்வளவு பலன் என்பதற்காகச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தூக்கத்தோடு போராடும் ஒரு ஆள் கையால் என்ன செய்தான் என்பதை நான் கவனித்ததே இல்லை.

நான்காம் காலம் கரும்புச்சாறு. நான் கிள்ளிய வில்வம் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையாக இல்லை, அழுகையாகவும் இல்லை. வயிறு லேசாக, கண் எரிச்சலாக, மனசு சும்மா இருந்தது. வெளியே வந்தபோது கிழக்கே கீற்று நிலா. ஆகமநேசன் ஐயா சொல்லாவிட்டால் மேலே பார்த்திருக்க மாட்டேன்.


இரவுப்பணி
17 பிப்ரவரி, இரவு 7.10

நடந்துதானே வீட்டுக்குப் போனீர்கள் அக்கா?


மாசிநிலா
17 பிப்ரவரி, இரவு 7.14

நடந்துதான். பாட்டியை அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு.


ஆகமநேசன்
17 பிப்ரவரி, இரவு 8.40

இதைப் பூஜை என்று நான் சொல்வேன். அடிவாரத்தான் தம்பி தியானம் என்று சொல்வார். இந்த முறை வாதத்துக்கு வரவில்லை.


அடிவாரத்தான்
17 பிப்ரவரி, இரவு 9.05

நானும் வரவில்லை ஐயா. மாசிநிலா, நள்ளிரவில் கனத்தது என்று எழுதினீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். எனக்கும் மூன்றாவது வருடத்தில் அதே நேரத்தில் அப்படி ஆனது. நான் அப்போது எழுந்து வெளியே போய்விட்டேன். நீங்கள் போகவில்லை.


வில்வத்தடி
18 பிப்ரவரி, காலை 6.10

படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா. பாரணை எப்படி முடித்தீர்கள்? குளித்துவிட்டு, யாருக்காவது ஒரு பிடி கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.


மாசிநிலா
18 பிப்ரவரி, காலை 7.25

குளித்தேன் ஐயா. கோயிலில் கொடுத்த வெண்சாதத்தில் பாதியைப் பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். மாதா மாதம் தேய்பிறைச் சதுர்த்தசிக்கும் அந்தக் கோயிலில் சின்னதாகப் பூஜை உண்டாம். முந்தின நாள் சாயங்காலம் வில்வம் பறிக்க ஆள் இல்லை என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.